நியூபெரி நாவல்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: நியூபெரி பதக்கம் வாங்கிய புத்தகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

வேண்டாம். 1922 முதல் அமெரிக்க நூலகச் சங்கம் சிறுவர் நூல்களுக்குக் கொடுக்கும் பரிசு அது, தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் நூலகர்கள், பிள்ளைகள் இல்லை. 1953இல் ஈ. பி. வைட் எழுதிய சிலந்திக் கதை 'சார்லட்ஸ் வெப்', பதக்கத்துக்கு அடுத்த இடமான ஹானர் பட்டியலோடு நின்றுவிட்டது, பதக்கம் 'சீக்ரெட் ஆஃப் தி ஆண்டிஸ்' நாவலுக்குப் போனது. பெரு நாட்டில் லாமா மேய்க்கும் பையனின் கதை, மோசமில்லை, ஆனால் இன்றைக்கும் பிள்ளைகள் கேட்பது அந்தச் சிலந்தியைத்தான். ஹானர் பட்டியலையும் பாருங்கள்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 11 வயது, புத்தகம் என்றாலே ஓடுகிறான். எதில் தொடங்கலாம்?

லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்' (1999 பதக்கம்). செய்யாத திருட்டுக்காக டெக்சஸில் வற்றிப்போன ஓர் ஏரியில் இருக்கும் தண்டனை முகாமுக்கு அனுப்பப்படுகிற பையன், தினம் ஐந்தடி ஆழம் ஐந்தடி அகலத்தில் ஒரு குழி தோண்ட வேண்டும். அத்தியாயங்கள் குட்டி குட்டி. வெங்காயம், பழைய ஷூ, பல்லி என்று சும்மா வந்துபோகிற மாதிரி தெரிவதெல்லாம் கடைசியில் ஒன்றோடொன்று பொருந்துகிற விதம் இருக்கிறதே, பெரியவர்களுக்கு எழுதுகிறவர்களில் பலருக்கே அது கைவராது. அதற்கும் மசியவில்லையா, க்வாமே அலெக்சாண்டரின் 'தி கிராஸ்ஓவர்' (2015) கொடுங்கள். கூடைப்பந்து ஆடும் இரட்டையர் கதை, முழுக்கக் கவிதை வரிகள்.

கேள்வி: ஏன் எல்லாவற்றிலும் யாராவது செத்துப்போகிறார்கள்?

எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் நிறைய. சிலவற்றில் பரிசுக்காகவே சாகடித்த மாதிரி இருக்கும், எனக்கு எரிச்சல்தான் வரும். 'பிரிட்ஜ் டு டெரபிதியா' (1978) அந்த ரகம் இல்லை. கேத்தரின் பேட்டர்சனுடைய மகனின் தோழி மின்னல் தாக்கி இறந்ததிலிருந்து பிறந்த நாவல் அது. கதையில் தோழி இறந்த செய்தி வந்ததும் பையன் உடனே அழுவதில்லை. நம்ப மறுக்கிறான், கோபப்படுகிறான், பள்ளியில் இனி தனக்கு ஒரு முக்கியத்துவம் வரும் என்றுகூட நினைத்துவிடுகிறான். அதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கேள்வி: இந்தியர் யாராவது வாங்கியிருக்கிறார்களா?

1928லேயே, தன் கோபால் முகர்ஜி. சித்ரகிரீவன் என்ற கல்கத்தாப் புறா இமயமலை பார்த்து, முதல் உலகப் போருக்காகப் பிரான்ஸ் வரைக்கும் போகும் கதை. பறக்கப் பழகும் பகுதிகள் அருமை, உபதேசம் தொடங்கும் இடங்களில் பக்கத்தைத் தள்ளத் தோன்றும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வீரா ஹிராநந்தானியின் 'தி நைட் டைரி' (2019 ஹானர்) வாங்குங்கள். 1947 பிரிவினை, 12 வயது நிஷா, அப்பா இந்து, இறந்துபோன அம்மா முஸ்லிம், அந்த அம்மாவுக்குத்தான் டைரி எழுதுகிறாள்.

கேள்வி: 'தி கிவர்' 9 வயதுக்குச் சரிப்படுமா?

பொறுங்கள். லோயிஸ் லோரியின் நடை எளிதுதான், ஆனால் ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போட்டுக் கொல்லும் இடம் ஒன்று உண்டு, அதுவும் கதாநாயகனின் அப்பாவே போடுகிறார். 12 ஆகட்டும், அப்புறம் நீங்களும் கூடவே படியுங்கள். முடிவில் அந்தப் பையன் பிழைத்தானா இல்லையா என்று சண்டை போட ஆள் வேண்டும்.