‘கருத்தம்மா’ படத்தில் அப்பாவாக நடித்தவர் நிஜத்திலேயே பேராசிரியரா? வேலையில் இருந்துகொண்டே நடிக்க முடியுமா?

ஆமாம், பேராசிரியர்தான். அதுவும் தமிழோ நாடகமோ இல்லை, தத்துவம். பெரியார்தாசன், இயற்பெயர் சேஷாசலம். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். வேலையை விடாமல் நடிக்கப் போகலாமா என்ற யோசனையில்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1994-ல் இயக்குநர் பாரதிராஜா அவருக்கு இந்தப் படத்தில் மொக்கையன் என்ற பாத்திரத்தைக் கொடுத்தபோது 45 வயதுதான் இருக்கும். பெண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடச் சொல்லும் கிராமத்து அப்பன் வேடம். மேடைப் பேச்சில் கொடிகட்டிப் பறந்தவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று பலருக்குப் புரிவதில்லை. வாத்தியார்கள் கேமரா முன்னால் கெடுவது மூன்று பழக்கத்தால்: கடைசி பெஞ்சுக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தூக்குவது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அழுத்துவது, சொன்னதையே இன்னொரு தரம் சொல்வது. குளோசப்பில் இதெல்லாம் பிரசங்கம் மாதிரி இருக்கும். இந்தப் படத்தில் மொக்கையன் பக்கவாதம் வந்து படுத்துவிடுகிறான்; அவன் கொல்லச் சொன்ன மகளே வளர்ந்து வந்து வைத்தியம் பார்க்கிறாள். கையை வீசிப் பேசிப் பழகியவரைக் கட்டிலில் கிடத்தி, முகத்தை மட்டும் விட்டுவைத்தார் இயக்குநர். அந்த முகம் போதுமானதாக இருந்தது.

அவரைப் பற்றித் தேடினால் வருவதெல்லாம் ‘மதம் மாறினார்’ வீடியோக்கள்தான். நாத்திகராக இருந்தார், பௌத்தத்துக்குப் போனார், 2010-ல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா ஆனார், 2013-ல் காலமானார். அது அவர் விருப்பம். எந்தப் பக்கத்துக்காரரும் என்னோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலைத் தமிழாக்கியவர் என்று ஒரு வரி சொல்ல மட்டும் யாருக்கும் நேரமில்லை.

இவர் ஒருவர்தானா என்றால் இல்லை. மலையாளத்தின் நரேந்திர பிரசாத் ஆங்கிலப் பேராசிரியர். நாட்டியகிருகம் என்று நாடகக் குழு நடத்தியவர், 1990-களில் வில்லனாகக் கலக்கினார். இந்தி நடிகர் காதர் கான் மும்பை சாபு சித்திக் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் நடத்திக்கொண்டே வசனம் எழுதி, பிறகு வேலையை விட்டு முழுநேரமாக வந்தார்.

இனி உங்கள் விஷயம். அரசு அல்லது உதவிபெறும் கல்லூரி என்றால் துறைத் தலைவர் வாயால் ‘சரி’ என்பது போதாது. பணம் வாங்கி நடிப்பது வெளிவேலை. முதல்வர் வழியாக எழுத்தில் முன்அனுமதி வாங்குங்கள். நாலைந்து நாள் வேஷத்தை விடுமுறையில் முடித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். விட்டுப்போன துண்டுக் காட்சிகளைப் பின்னால் எடுக்கும் பேட்ச்வொர்க் சரியாக செமஸ்டர் தேர்வு நேரத்தில்தான் வரும். அதைவிடத் தொல்லை கன்டினியூட்டி. தாடியோடு ஒரு காட்சி எடுத்துவிட்டால், மிச்சக் காட்சிகள் முடியும்வரை அதே தாடியோடுதான் வகுப்புக்குப் போக வேண்டும். ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே கெட்டப் என்ன, படப்பிடிப்பு எத்தனை ஷெட்யூலாக, அதாவது எத்தனை கட்டமாக நடக்கும் என்று கேட்டுவிடுங்கள்.