விரலுக்கும் கொஞ்சம் வேலை குடுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புது கார்ல ஏசி, பாட்டு எல்லாமே ஒரே டச் ஸ்கிரீன்ல இருக்கு, பட்டனே இல்ல. இது நிஜமாவே முன்னேற்றமா?

ஓட்டுறவங்க பக்கம் இருந்து பாத்தா இல்லைங்க. திருகுற குமிழ்னா கண்ணை ரோட்டுல வச்சுக்கிட்டே தடவிப் பாத்து புடிச்சுடலாம், வழவழன்னு இருக்கிற கண்ணாடில விரலுக்கு ஒரு அடையாளமும் சிக்காது, அதனால ஒவ்வொரு தடவையும் கண்ணு அங்க போயே ஆகணும், ஆபத்து அந்த நேரத்துலதான். 2017 ஆகஸ்ட்ல அமெரிக்க போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின், சிங்கப்பூர் பக்கத்துல எண்ணெய்க் கப்பலோட மோதி 10 மாலுமிங்க இறந்துட்டாங்க. பயிற்சி பத்தலைங்கிறதோட, ஸ்டியரிங்கும் வேகமும் எந்த ஸ்கிரீன்ல யார் கட்டுப்பாட்டுல இருக்குன்னே புரியாம குழப்புன டச் சிஸ்டமும் காரணம்னு விசாரணைல வந்துச்சு. அப்புறம் மாலுமிங்ககிட்டயே கேட்டுட்டு, கையால தள்ளுற லீவரையே திரும்ப வைக்கப்போறோம்னு 2019ல கடற்படை சொல்லுச்சு. கேட்டது ரொம்ப சரி, ஆனா அந்தக் கேள்விய கப்பல் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும், எனக்கு இதுல கோவமே வருது.

கேள்வி: நான் டிசைன் ஸ்டூடண்ட். டாஞ்சிபிள் இன்டர்ஃபேஸ்னு சொல்றாங்களே, ஒரு உதாரணம் சொல்லுங்களேன்?

கைல புடிச்சு நகத்துற நிஜப் பொருளாலயே கருவிய இயக்குறதுதான் டாஞ்சிபிள் இன்டர்ஃபேஸ். எனக்கு ரொம்பப் புடிச்சது 1992ல டரல் பிஷப்ங்கிற டிசைனர் யோசிச்ச ஆன்சரிங் மெஷின், அதாவது நாம போன் எடுக்காதப்போ கூப்பிட்டவங்க பேசுறத பதிவு பண்ணி வைக்கிற மெஷின். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு கோலிக்குண்டு வெளிய வந்து விழும், அதை எடுத்து மெஷின் குழில போட்டா மெசேஜ் கேக்கும், போன் மேல வச்சா பேசுனவங்களுக்கே கால் போகும். எத்தனை மெசேஜ் வந்திருக்குன்னு பாத்த உடனே தெரிஞ்சுடும், மெனு எதுவும் வேணாம், குழந்தை கூட ஒரு தடவை பாத்தா செஞ்சுடும். 1997ல எம்ஐடி மீடியா லேப்ல ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் இந்த மாதிரி யோசனைகள ஒரு ஆராய்ச்சித் துறையாவே ஆக்குனாங்க. பின்னாடி அதே லேப்ல, மேசைல கட்டட மாடல நகத்துனா அதோட நிழலும் காத்தோட்டமும் கூடவே மாறுற மாதிரி அர்ப்னு ஒண்ணு செஞ்சாங்க, நாலு பேர் சுத்தி நின்னு ஒரே நேரத்துல கை வைக்கலாம், மவுஸ்னா ஒருத்தர் கைலதானே இருக்கும்?

நீங்க செய்யப்போறீங்கன்னா சென்சார், கோடிங் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அட்டைலயும் களிமண்லயும் ஒண்ணு செஞ்சு, பயன்படுத்தப்போறவங்க கைல குடுத்துட்டு நீங்க வாயே தொறக்காதீங்க, அவங்க எங்க தடுமாறுறாங்கன்னு மட்டும் பாருங்க, விளக்கம் சொல்ல ஆரம்பிச்சீங்கன்னா டெஸ்ட் போச்சு.

கேள்வி: போன்ல தப்பான பட்டன்ல விரல் பட்டுடுச்சுன்னா ஏதாவது வழி இருக்கா?

இருக்கு. பெரும்பாலான ஆப்ல தொட்டதும் வேலை நடக்காது, விரலை எடுக்கும்போதுதான் நடக்கும். 1988லயே மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல பென் ஷ்னைடர்மேன் குழு இதை சோதிச்சு, தப்பு குறையுதுன்னு காட்டுனாங்க. அதனால பதறி விரலை எடுத்துடாதீங்க, அப்படியே பட்டனுக்கு வெளிய இழுத்துட்டு அப்புறம் எடுங்க.