அடி வாங்குகிற பையன்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்தில் பிறந்து, வேலூரில் பிளஸ் டூ முடித்து, இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறேன். தமிழ் சினிமா நகைச்சுவை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என்.எஸ்.கிருஷ்ணனில் தொடங்கி வடிவேலு வரை வந்திருந்தீர்கள். ஆனால் 2000க்குப் பிறகு வந்த விடலைப் பையன்களின் காமெடிப் படங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘துள்ளுவதோ இளமை’, ‘பாய்ஸ்’, ‘குறும்பு’, பிறகு ‘பட்டாளம்’, இவற்றோடு சித்தூர் பக்கமிருந்து வந்த தெலுங்குப் படங்கள். டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நாங்கள் பார்த்த படங்கள் இவைதான்.

இன்று எங்கள் வாட்ஸப் குழுவில் பழைய படப் பேச்சு வந்தால் ‘காதல்’, ‘ஆட்டோகிராப்’ என்று அழுத படங்களாகவே வரிசை கட்டுகிறார்கள். சிரித்த படங்களை யாரும் சொல்வதில்லை. சொல்ல வெட்கமா, நிஜமாகவே மறந்துவிட்டார்களா என்று தெரியவில்லை. அந்தப் படங்கள் அவ்வளவு குப்பையா? பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகனுக்கு இந்த வகையில் ஒரு படம் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவது?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

தெரியாமல் விட்டதல்ல, தெரிந்தே விட்டது. அந்தக் கட்டுரை நகைச்சுவை நடிகர்களைப் பற்றியது. நீங்கள் சொல்லும் வகைப் படத்தில் நகைச்சுவை நடிகருக்கு வேலையே இருக்கக் கூடாது. அவர் உள்ளே வந்தால் படம் தடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

தமிழ் சினிமாவில் சிரிப்பு எப்போதுமே தனிக் குத்தகை. கதாநாயகன் காதலிப்பான், சண்டை போடுவான், அம்மா மடியில் படுத்து அழுவான். உதை வாங்குவதும் சாக்கடையில் விழுவதும் பக்கத்தில் நிற்பவனின் பொறுப்பு. முப்பது வயதுக் கதாநாயகனுக்கு இந்த ஏற்பாடு சரிப்படும், பதினேழு வயதுப் பையனுக்குச் சரிப்படாது. மீசை அரும்பியும் அரும்பாமலும், குரல் ஒரு நிலையில் நிற்காமல், சட்டைப் பையில் பஸ் காசு மட்டும் வைத்துக்கொண்டு, ‘இவள் இல்லாவிட்டால் உயிரோடு இருக்கமாட்டேன்’ என்று மனதார நம்புகிறானே, அவனே ஒரு வேடிக்கை. அவனுக்குத் துணையாக இன்னொரு கோமாளியை நிறுத்தினால் இவன் கௌரவமானவன் ஆகிவிடுவான். அத்தோடு காமெடி போயிற்று.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் பாக்யராஜ். ‘இன்று போய் நாளை வா’ (1981) படத்தின் மூன்று நண்பர்கள் விடலை வயதைத் தாண்டியவர்கள்தான், ஆனால் புத்தி தாண்டவில்லை. ஒரே பெண்ணுக்காக ஆளுக்கொரு வழியில் அந்த வீட்டுக்குள் நுழையப் பார்த்து மூன்று பேருமே மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒருவன் இந்தி படிக்கப் போய்ப் படும் பாடு இன்றுவரை சொல்லிச் சிரிக்கப்படுகிறது. கதை எழுதி இயக்கியவர் தன்னையும் அந்த மூன்று அசடுகளில் ஒருவராகவே வைத்துக்கொண்டார் என்பதுதான் முக்கியம். பாண்டியராஜனின் ‘ஆண் பாவம்’ (1985) இதே வழியில் வந்தது. 90களில் கல்லூரி மாணவர் வேடம் முரளி மாதிரி வளர்ந்த ஆட்களிடம் போய்விட்டது. ‘இதயம்’ (1991) எனக்குப் பிடித்த படம். ஆனால் அங்கே சிரிப்புக்குச் சின்னி ஜெயந்தைத் தனியாகக் கூட்டிவர வேண்டியிருந்தது.

இந்த விஷயத்தில் நம் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். கோடு போட்டுப் பிரித்த பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. காட்பாடி தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரம். தெலுங்குப் படங்கள் வேலூரில் டப்பிங் இல்லாமல் நேராக ஓடும். பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து ஆந்திரப் பையன்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். தேஜா இயக்கிய ‘சித்திரம்’ (2000) வந்தபோது, எனக்கு முன் வரிசையில் இருந்த உள்ளூர்ப் பையன்கள் தெலுங்குப் பையன்களை ‘இன்னா சொல்றான், இன்னா சொல்றான்’ என்று நச்சரித்துக்கொண்டே பார்த்தார்கள். உதய் கிரணும் ரீமா சென்னும் நடித்த அந்தக் கதையை மெட்ராஸில் அன்று ஒரு தயாரிப்பாளரிடம் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். மாணவப் பருவத்திலேயே காதல், கர்ப்பம், கல்யாணம், கையில் குழந்தை. தமிழில் இது ரயில் தண்டவாளத்தில் போய் முடிந்திருக்கும். தேஜா இதைக் காமெடியாக எடுத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள முறை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற ஜோடி. படத்தில் நெருடுகிற விஷயங்கள் நிறைய உண்டு. ஆனாலும் அந்தப் பையன் தியாகி ஆகவே இல்லை, கடைசிவரை திண்டாடுகிறான்.

2002இல் இரண்டு பக்கமும் இந்த அலை அடித்தது. இங்கே ‘துள்ளுவதோ இளமை’, அங்கே ரவி பாபுவின் ‘அல்லரி’. முன்னது முழுக்க காமெடி என்று நான் சொல்லமாட்டேன். வீட்டை விட்டு ஓடும் ஆறு மாணவர்களின் கதை அது, பாதிக்கு மேல் அறிவுரையாகிவிடுகிறது. ஆனால் அதில் நடித்தபோது தனுஷுக்கு இருபது வயது ஆகவில்லை, ‘அல்லரி’ நரேஷுக்கும் ஆகவில்லை. திரையில் நிஜமான ஒல்லிக் கைகளும் நிஜமான அசட்டுச் சிரிப்பும் தெரிந்தன. எனக்கு அது பெரிய விஷயம்.

அடுத்த வருடம் நடந்தது இன்னும் வேடிக்கை. ‘அல்லரி’ தமிழில் ‘குறும்பு’ ஆனது, ‘துள்ளுவதோ இளமை’ தெலுங்கில் ‘ஜூனியர்ஸ்’ ஆனது. இரண்டிலும் கதாநாயகன் அதே நரேஷ். 2003இல் ஒரே பையனை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டிருக்கிறார்கள். ‘குறும்பு’ விஷ்ணுவர்தனின் முதல் படம். ‘அறிந்தும் அறியாமலும்’, ‘பில்லா’ எல்லாம் பிறகுதான். இன்று ‘குறும்பு’ என்றால், ‘அடுத்த வாரிசு’ படத்தின் ‘ஆசை நூறு வகை’யை யுவன் ரீமிக்ஸ் செய்த படம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுத் தோழியையே தூது அனுப்பி, தன்னைவிட மூத்த பெண்ணை மடக்கப் பார்க்கும் மடையன் கதை. பெரிய படம் இல்லை. ஆனால் அந்த மடையனை மடையனாகவே வைத்திருந்தது.

‘பாய்ஸ்’ வேறு கதை. அது மறக்கப்பட்ட படம் அல்ல, திட்டப்பட்ட படம். ஷங்கர், சுஜாதா, ரஹ்மான் என்று எல்லாப் பெரிய கைகளும் சேர்ந்து ஐந்து பையன்களையும் ஒரு பெண்ணையும் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கும் கை நடுங்கி விவேக்கையும் செந்திலையும் உள்ளே அழைத்தார்கள். இன்று அந்தப் படத்தில் எது மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். எந்தக் கோயிலில் எந்த நாளில் என்ன பிரசாதம் என்று மனப்பாடமாக வைத்திருக்கும் செந்தில்தான் மீம்களில் சுற்றுகிறார். பையன்கள் காணோம்.

நீங்கள் கேட்ட ‘ஏன் மறந்தார்கள்’ என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ‘அல்லரி’ என்பது நரேஷின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘கிதகிதலு’, ‘சீம சாஸ்திரி’ என்று அவர் வருடக்கணக்கில் காமெடிக் கதாநாயகனாகவே தெலுங்கில் இருந்தார். அப்பா இ.வி.வி. சத்யநாராயணா காமெடிப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் என்பதும் ஒரு காரணம். தமிழில் அந்தக் கதவு திறக்கவில்லை. ‘துள்ளுவதோ இளமை’ தனுஷ் இரண்டே வருடத்தில் ‘சுள்ளான்’ ஆகி ஆட்களைப் பந்தாடினார். ‘பாய்ஸ்’ பரத் ‘காதல்’ வழியாகப் போய் ‘பழனி’யில் முழு அதிரடி நாயகனாக நின்றார். கதாநாயகன் ஆனவனுக்கு, தான் அடி வாங்கி விழுந்த பழைய படம் ஒரு சங்கடம். ரசிகனுக்கும் அப்படியே. உங்கள் வாட்ஸப் குழுவில் அழுத படத்தைச் சொல்லி அசட்டுத்தனத்தை மறைக்கிறார்களே, அதுவும் இதே கதைதான்.

இதனால் அந்தப் படங்கள் எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பின்னால் சுற்றினால் பெண் மசிவாள் என்று அவை பிடிவாதமாக நம்பின. டீச்சரைப் பார்க்கும் பார்வை பல இடங்களில் அருவருப்பு. காமெடியில் பையன் அசடாக இருக்கலாம், பெண்ணும் அசடாக இருக்கலாம்; அவளுக்கு அந்த உரிமையை இவர்கள் தரவே இல்லை. பையனின் அசட்டுத்தனத்தைப் பார்த்து நிற்கும் அழகான சுவர் அவள். திரும்பப் பார்க்கும்போது எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

இன்னொரு குறை, நம் ஊர்க் குறை. இந்தப் படங்களின் பள்ளிக்கூடங்கள் எங்கே இருக்கின்றன? குட்டைப் பாவாடையும் கூடைப்பந்து மைதானமும் வாயிலில் பைக்குமாக, வேலூர்ப் பையனுக்கு அது சிங்கப்பூர் மாதிரி. நம் பக்கத்தில் ஆண்கள் பள்ளி தனி, பெண்கள் பள்ளி தனி என்பதே வழக்கம். இரண்டும் சந்திக்கும் இடம் டியூஷன். காட்பாடி காந்தி நகரில் விடியற்காலை ஐந்தரைக்கு இயற்பியல் டியூஷன் முடிந்து சைக்கிள்கள் வெளியே வரும் காட்சியில் ஒரு முழுப் படம் இருந்தது. பொறியியல் நுழைவுத் தேர்வு கடைசியாக நடந்தது 2006இல். அதுவரை பிளஸ் டூ பையனுக்குப் பொதுத் தேர்வு, நுழைவுத் தேர்வு, கட் ஆப் என்று மூன்று பூதங்கள். அந்தப் பயத்துக்கு நடுவே ஒரு பார்வைக்காகச் சைக்கிள் செயினைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவன் எத்தனை பேர்! நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். அதை யாரும் எடுக்கவில்லை. பாண்டிராஜ் ‘பசங்க’வில் (2009) ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பிடித்தார், ஆனால் அவர் பையன்கள் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள்.

அதற்குள் சிரிப்பும் தியேட்டரை விட்டு வீட்டுக்குள் போய்விட்டது. 2006இல் விஜய் டிவியில் ‘கனா காணும் காலங்கள்’ வந்தது. பிளஸ் டூ படிக்கிறவன் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய பள்ளிக்கூடக் கதை தினமும் இலவசமாகக் கிடைத்தால் டிக்கெட் எடுத்து யார் போவார்கள்? அந்தத் தொடரில் முகம் தெரிந்த பையன்கள் சிலரை வைத்தே, நதியாவையும் சேர்த்து, 2009இல் ‘பட்டாளம்’ வந்தது. வந்த சுவடு தெரியவில்லை. தெலுங்கின் ‘ஹேப்பி டேஸ்’ அடுத்த ஆண்டு ‘இனிது இனிது’ ஆனபோதும் அதே கதி. ‘பட்டாளம்’ எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். பையன்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கும் இடங்களில் அது உயிரோடு இருக்கிறது. கதை சொல்ல வேண்டும் என்று ஞாபகம் வந்ததும் விறைத்துவிடுகிறது.

உங்கள் அக்கா மகனுக்கு ‘குறும்பு’ வேண்டாம். அது உங்களுக்கு, ஞாபகத்துக்காக. அவனுக்கு ‘இன்று போய் நாளை வா’விலிருந்து ஆரம்பியுங்கள், அடுத்து ‘எம் மகன்’ (2006) காட்டுங்கள். அது பள்ளிக்கூடப் படம் இல்லை. ஆனால் மளிகைக் கடை அப்பா நாசரிடம் வளர்ந்த மகன் பரத் அடி வாங்கும் இடங்கள் எந்தப் பதினாறு வயதுக்காரனுக்கும் புரியும். வடிவேலு இருக்கிறாரே என்று என் வாதத்தை மடக்கலாம். அங்கே அவர் தாய்மாமன், அந்த வீட்டில் அவரும் மாட்டிக்கொண்ட ஆள், அதனால் விட்டுவிடலாம். ‘சித்திரம்’ கிடைத்தால் நீங்களும் கூடவே உட்கார்ந்து பாருங்கள். உங்கள் அக்கா வீட்டில் இல்லாத நாளாக இருந்தால் நல்லது.