சண்டே ஸ்கூலில் ‘பகிர்ந்து கொடு’ என்று சொல்லித் தந்ததிலிருந்து என் மகன் தன் பொருள்களையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். ஏமாளியாகிவிடுவானோ? தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். ஏழெட்டு வயதுப் பையனாக இருப்பான் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அவனே நிறுத்திவிடுவான், நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை.

நான் ரங்கூனில் சண்டே ஸ்கூல் நடத்துகிறவள். 2025 மார்ச் 28இல் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம் வந்ததே, அப்போது எங்கள் சபையில் துணிமணி, அரிசி, மருந்து சேர்த்து அனுப்பினோம். வந்ததைப் பிரித்துப் பார்த்து மூட்டை கட்டுகிற வேலை பெண்களாகிய எங்களுக்கு. பெரியவர்கள் கொடுத்தது என்ன தெரியுமா? ஏப்ரலில் மண்டலே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், அங்கே போகிற மூட்டைக்குக் கம்பளி ஸ்வெட்டர். ஜிப் போன கைப்பை. தேதி முடிந்த இருமல் மருந்து பாதி பாட்டில், மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று, எறும்போடு. ஜரிகை இற்றுப்போன பட்டுச் சேலை ஒன்று. வீடு இடிந்தவள் அதைக் கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்குப் போவாள்?

என் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர்த் துப்பாக்கி கொண்டுவந்தான். திஞ்சானுக்கு, அதாவது எங்கள் தண்ணீர்த் திருவிழாவுக்கு, வாங்கி வைத்தது. அட்டையிலிருந்து பிரிக்கவே இல்லை. மூப்பர் ஒருவர் அதைத் தனியே எடுத்து வைத்து, “வீடில்லாம இருக்கிறவங்களுக்கு இது எதுக்குடா?” என்றார். “அங்கயும் திஞ்சான் வரும்ல தாத்தா” என்றான். நான் அதை எடுத்துக் கைலிகளுக்கு நடுவே செருகி மூட்டையைக் கட்டிவிட்டேன். அவர் என்னிடம் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உடனே “பிள்ளைகள் என்ன தேவதூதர்களா?” என்று வருவீர்கள். இல்லை. அதே பையன் பிறகொரு நாள் தங்கச்சிக்கு ஒரு பிஸ்கட் தர மனசில்லாமல் ஆலயத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

வேதம் படித்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: மத்தேயு 18இல் ‘பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால்’ என்று இயேசு சொன்னது பகிர்வதைப் பற்றி இல்லை, யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டதற்கான பதில் என்று. சரிதான். ஆனால் நம் கொடுத்தலில் பாதி அந்தக் கேள்விதானே? எங்கள் ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கித் தந்த ஒருவர் மூன்று இறக்கையிலும் தன் பெயரை எழுத வைத்தார். ரங்கூனில் கரண்ட் இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால் பெயரை நன்றாகவே படிக்க முடிகிறது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கித் தாருங்கள் என்றால் யாரும் முன்வருவதில்லை. டீசலில் பெயர் எழுத முடியாதே.

இயேசு ஐயாயிரம் பேரைப் பசியாற்றிய அந்த ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஒரு பையன் கையில் இருந்தன என்று நான்கு சுவிசேஷங்களில் யோவான் மட்டும்தான் எழுதுகிறார். அங்கே சீஷர்களில் பிலிப்பு இருநூறு பணத்து அப்பமும் போதாதே என்கிறார், அந்திரேயா ‘இவ்வளவு ஜனங்களுக்கு எம்மாத்திரம்’ என்கிறார். கணக்கு பார்ப்பதெல்லாம் பெரியவர்கள். பையன் வாய் திறந்ததாகவே இல்லை.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் இந்த மனசு என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். எங்கள் தெருவில் காலையில் பிக்குகள் வரும்போது பர்மியத் தாய்மார் பிள்ளையின் கையில் கரண்டியைக் கொடுத்துச் சோறு போட வைப்பார்கள். கைப்பழக்கம் அப்படித்தான் வருகிறது.

ஆனால் ‘கொடு, கொடு’ என்று நீங்களும் அவனை நெருக்காதீர்கள். ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் போகாதீர்கள். ஒரே பையன் தினமும் மிரட்டிப் பிடுங்குகிறான் என்றால் அது வேறு கதை, டீச்சரிடம் பேசுங்கள். மற்றபடி செருப்பும் பள்ளிப் புத்தகமும் மட்டும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். என் வகுப்பில் இரண்டுமே போயிருக்கின்றன.