மாட்டு மந்தை வேண்டாம் என்ற ஊர்

கேள்வி: அமெரிக்காவில் சில சிற்றூர்களைக் 'கவுண்டித் தலைநகர்' என்கிறார்களே, அத்தகைய ஊர் எப்படித் தோன்றி வளரும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சிப் பிரிவு கவுண்டி. அதன் நீதிமன்றமும் நிலப் பத்திரங்களைப் பதியும் அலுவலகமும் இருக்கும் ஊரே அதன் தலைநகர். கான்சாஸ் மாநிலத்தின் டிக்கின்சன் கவுண்டிக்குத் தலைநகரான அபிலீனை எடுத்துக்கொள்வோம். 1857-இல் டிமோத்தி ஹெர்சி என்பவர் மட் கிரீக் என்ற ஓடைக்கரையில் குடியேறி, மேற்கே செல்லும் குதிரை வண்டிகள் நின்றுபோகும் நிலையம் ஒன்றை அமைத்தார். 1860-இல் அந்த இடத்துக்கு விவிலியத்தின் லூக்கா நற்செய்தியில் வரும் அபிலீன் என்ற பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டே அது கவுண்டித் தலைநகரானது. தலைநகர் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஆறு ஆண்டுகள் கழித்தும் அங்கே ஏறத்தாழ ஒரு டஜன் மரக்குடில்களே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மண் கூரைதான். அங்கிருந்த ஒரே மதுக்கடையின் உரிமையாளர், 'பிரெய்ரி நாய்' எனப்படும் புல்வெளி அணில்களை வளர்த்து, கிழக்கிலிருந்து வரும் பயணிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

கேள்வி: அப்படிப்பட்ட ஊருக்கு டெக்சாஸ் மாட்டு மந்தைகள் ஏன் வந்தன?
– வாசகி, நெய்வேலி

பதில்: உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் பெருகிக் கிடந்தன; வாங்க ஆளில்லை. வடக்கில் அவற்றுக்குப் பல மடங்கு விலை கிடைத்தது. ஆனால் அம்மாடுகளின் உடலில் ஒட்டிவந்த உண்ணிகள் பரப்பிய காய்ச்சல், அவற்றை ஒன்றும் செய்யாமல் உள்ளூர் மாடுகளைக் கொன்றதால், மிசௌரி விவசாயிகள் மந்தைகளை வழிமறித்தனர். இந்த நிலையில்தான் ஜோசப் மெக்காய் என்னும் இளம் வணிகர், 1867-இல் ரயில் பாதை அபிலீனை எட்டியதும், ஊரையொட்டி 250 ஏக்கர் வாங்கி, மாட்டுப் பட்டிகளையும் 'டிரோவர்ஸ் காட்டேஜ்' என்ற விடுதியையும் கட்டினார். கான்சாஸ் அரசு அவ்வாண்டு வகுத்த தடைச் சட்டத்தின்படி அபிலீனுக்கு டெக்சாஸ் மாடுகள் வரவே கூடாது. ஆளுநரின் இசைவோடு அந்தச் சட்டம் கண்டுகொள்ளப்படாமல் போயிற்று. செப்டம்பர் 5-ஆம் நாள் 20 பெட்டிகளில் மாடுகளை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சிகாகோவுக்குப் புறப்பட்டது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 35,000 மாடுகள் அனுப்பப்பட்டன.

கேள்வி: இவ்வளவு வருமானம் தந்த வணிகம் ஏன் நின்றது? துப்பாக்கிச் சண்டைகள்தான் காரணமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அவையும் ஒரு காரணம். 1870-இல் காவல் தலைவராக இருந்த டாம் ஸ்மித், துப்பாக்கியை நம்பாமல் கைமுட்டியாலேயே பலரை அடக்கியவர். அவ்வாண்டு நவம்பரில் ஒருவரைக் கைது செய்யச் சென்ற இடத்தில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த வைல்ட் பில் ஹிக்காக், 1871 அக்டோபரில் பில் கோ என்பவருடன் மோதியபோது, தமக்கு உதவ ஓடிவந்த சொந்தத் துணைக் காவலரையே தவறுதலாகச் சுட்டுக் கொன்றார். ஊரார் அவரை ஆண்டு முடிவதற்குள் பணியிலிருந்து விலக்கினர்.

ஆனால் உண்மையான முடிவைத் துப்பாக்கி எடுக்கவில்லை, ஏர்தான் எடுத்தது என்பது என் கருத்து. கவுண்டி முழுவதும் குடியேறிவந்த விவசாயிகளுக்கு, பயிரை மிதிக்கும் மந்தைகள் பெருந்தொல்லையாயின. 1872 பிப்ரவரியில் விவசாயிகள் பாதுகாப்புச் சங்கத்தாரும் கவுண்டி அதிகாரிகளும் குடிமக்களும் சேர்ந்து, இனி டெக்சாஸ் மாடுகளை வேறு ஊருக்கு ஓட்டிச் செல்லுமாறு அறிக்கை வெளியிட்டனர். வணிகம் எல்ஸ்வொர்த் போன்ற ஊர்களுக்குப் போயிற்று. மெக்காய் கட்டிய விடுதியின் ஒரு பகுதியைக்கூடப் பிரித்து அங்கே கொண்டு சென்றார்கள். கடைகள் பல மூடப்பட்டன. ஆயினும் நீதிமன்றமும் பதிவு அலுவலகமும் ரயிலும் அபிலீனிலேயே இருந்ததால், நிலம் வாங்குவோரும் வழக்காடுவோரும் தானியம் விற்போரும் அங்குதான் வந்தாக வேண்டியிருந்தது. டி. சி. ஹென்றி என்பவர் பெரிய அளவில் பயிரிட்டுக் காட்டிய குளிர்காலக் கோதுமை, மாடுகள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியது. மெக்காய் இல்லாவிட்டால் அபிலீன் புகழ் பெற்றிருக்காது. ஆனால் அவருடைய மாடுகள் போன பிறகும் ஊர் நிலைத்ததற்குக் கவுண்டி அலுவலகங்களையே நான் முதலில் சொல்வேன். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஐசன்ஹோவர் சிறுவனாக வளர்ந்தது, 1890-களின் இந்தக் கோதுமை ஊரில்தான்.