கூடுதல் தொகுதி கேட்கும் முன் போராங் 14-ஐ எடுத்துப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் கட்சிக் கிளைச் செயலாளராக இருக்கிறேன். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் கட்சி கூட்டணியிடம் கூடுதல் தொகுதிகள் கேட்கப்போகிறது. எங்கள் தொகுதியும் அந்தப் பட்டியலில் உண்டு. சென்ற தடவை கொஞ்ச ஓட்டில் தோற்றோம். மேலிடத்தில் இப்போதே பெரிய செராமா (பிரசாரக் கூட்டம்) வைக்கச் சொல்கிறார்கள். கிளையில் பணம் அதிகமில்லை, வேலைக்கு வருகிறவர்கள் பதினைந்து பேர்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சகோதரி, செராமாவைத் தள்ளிவையுங்கள். மண்டபத்துக்கு வந்து கைதட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்ற தடவையே உங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள். நீங்கள் தேடவேண்டியவர்கள் அந்த மண்டபத்துக்கு வரமாட்டார்கள். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் காகிதம் ஒன்று உண்டு. அதுதான் சென்ற தேர்தலின் போராங் 14 என்ற வாக்கு எண்ணிக்கைப் படிவம்.

ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும் வாக்காளர்களைச் சாலுரான், அதாவது தனித்தனி வாக்களிப்பு அறைகளாகப் பிரித்து வைப்பார்கள். ஓட்டுப் போடுவதும் அங்கே, எண்ணுவதும் அங்கேயே. எண்ணி முடித்ததும் எந்த வேட்பாளருக்கு எத்தனை, செல்லாத ஓட்டு எத்தனை என்று எழுதிக் கையொப்பமிடுவது போராங் 14-இல். கட்சியின் எண்ணும் முகவருக்கு அதில் ஒரு பிரதி கிடைக்கும். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. சாலுரான்களை வயது வாரியாக அடுக்குகிறார்கள். முதல் சாலுரானில் தாத்தா பாட்டிகள், கடைசிச் சாலுரானில் புதிதாக ஓட்டுரிமை பெற்ற பிள்ளைகள். ஆகவே அந்தத் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பினால், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வயதுக்காரர்கள் உங்களைக் கைவிட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

நானும் பல தேர்தல்களில் எண்ணும் முகவராக உட்கார்ந்தவன். முடிவு வந்த மறுநாள் கிளைக் காரியாலயத்தில் அந்தத் தாள்கள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு கிடந்ததைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் மக்கள் நமக்கு எழுத்தில் பதில் தருகிறார்கள். அதைக் குப்பையில் போடக்கூடாது.

உங்கள் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளி ஒரு வாக்களிப்பு மையம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சாலுரானில் நன்றாக ஜெயித்து, கடைசிச் சாலுரானில் தோற்றிருந்தால், பெரியவர்கள் உங்களோடு இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இல்லை என்று பொருள். கடைசிச் சாலுரானில் விழுந்த ஓட்டில் பெரும்பங்கு உங்களுக்கே வந்து, ஆனால் மொத்த ஓட்டே குறைவாக இருந்தால் கதை வேறு. அங்கே பிள்ளைகள் உங்களை வெறுக்கவில்லை. அவர்கள் ஓட்டுப் போட ஊருக்கு வரவில்லை. முதல் நோய்க்கு நீங்கள் பேசும் விஷயத்தை மாற்றவேண்டும், இரண்டாவதற்குப் போன் நம்பர் வேண்டும். வித்தியாசம் தெரியாமல் எல்லாருக்கும் ஒரே துண்டறிக்கை அடித்துக் கொடுப்பதில் காசுதான் போகும்.

இரண்டாவது நோய் நம் தோட்டப் பட்டணங்களில் மிக அதிகம் என்பது என் அனுபவம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) வந்தது. லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகி, இருந்தவர்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறினார்கள். தோட்டம் கலைந்துவிட்டது, ஆனால் வாக்காளர் பட்டியலில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் விண்ணப்பிக்காமலே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். 2018-இல் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022-இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது அதனால்தான். அப்படிச் சேரும்போது எடுத்துக்கொள்ளப்படுவது மைகாட்டில் (அடையாள அட்டையில்) உள்ள முகவரி. பல பிள்ளைகளுக்கு அது அம்மா வீடு, அல்லது பாட்டியின் பழைய லயத்து வீடு. பையன் கிள்ளானில் லாரி ஓட்டுகிறான், அவனுடைய ஓட்டு உங்கள் தொகுதியில் இருக்கிறது. அவனுக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

உங்கள் பதினைந்து பேருக்கும் இதுதான் வேலை. கட்சி வழியாக வாக்காளர் பட்டியலைப் பெற்று, தோட்டம் தோட்டமாக, தாமான் தாமானாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இங்கேயே இருக்கிறார், பக்கத்துத் தாமானுக்குப் போய்விட்டார், வெளியூரில் இருக்கிறார், இறந்துவிட்டார், யாருக்கும் தெரியவில்லை என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் குறியுங்கள். வெளியூர்க்காரர்களைப் பிடிக்க நல்ல சமயம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. எங்கெங்கோ போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வரும் நாள் அது. கோயிலுக்குள் கட்சிக் கொடியைக் கொண்டுபோகாதீர்கள், அது தப்பு. நோட்டும் பேனாவும் போதும்.

ஊரைவிட்டு நிரந்தரமாகப் போனவர்களுக்கும் உதவுங்கள். மைகாட்டில் முகவரியை மாற்றியதோடு ஓட்டும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர் முதலில் பதிவிலாகாவில் முகவரியை மாற்றி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் வாக்களிக்கும் இடத்தை மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் உங்களுக்கு ஓர் ஓட்டுக் குறையலாம், குறையட்டும். மாறாக, இங்கே குடியில்லாதவரைப் பொய் முகவரியில் சேர்க்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் அன்றைக்கே தடுத்துவிடுங்கள். அது குற்றம்.

வீடு வீடாகப் போகும்போது சிவப்பு ஐ.சி. (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) வைத்திருக்கும் முதியவர்களையும் சந்திப்பீர்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் அந்த வீட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களுடைய பத்திரங்களைப் பார்த்து, குடியுரிமை விண்ணப்பத்துக்கு யாராவது உட்கார்ந்து எழுதிக்கொடுத்தால் போதும். ஒரு கட்சிக் கிளை இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்து ஓட்டை மட்டும் வைத்து ஜெயித்துவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம். நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. மலாய்க் கம்பத்திலும் (கிராமத்திலும்) சீனர் புதுக்கிராமத்திலும் உங்கள் வேட்பாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் வேண்டும். கால்வாய் அடைப்பும், கிளினிக்கில் டாக்டர் இல்லாததும் எல்லாருக்கும் பொதுவான வலி. அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

உங்கள் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டையே பாருங்கள். 1974 முதல் ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) கட்சியின் சாமிவேலு வைத்திருந்த நாடாளுமன்றத் தொகுதி அது. அவரை எதிர்த்து நின்ற டாக்டர் ஜெயக்குமார் 1999-இல் தோற்றார், 2004-இல் தோற்றார், 2008-இல் 1,821 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வருடம் நாடெங்கும் மாற்றத்துக்கான அலை அடித்தது உண்மை. ஆனால் அலை வந்தபோது, தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகளில் பல வருடம் நின்ற ஒருவர் அங்கே தயாராக இருந்தார். கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். 2008-இலும் 2013-இலும் அவர் நின்றது பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில். 2018-இல் தம் சொந்தக் கட்சியான பி.எஸ்.எம். (மலேசிய சோசலிசக் கட்சி) சின்னத்தில் நின்றபோது வைப்புத்தொகையே போய்விட்டது. அதே மனிதர், அதே சேவை. பலமுனைப் போட்டி வந்தால், மதிக்கிற ஆளுக்கும் மக்கள் ஓட்டுப் போடாமல் போகலாம். உங்கள் தொகுதியில் எத்தனை முனைப் போட்டி வரும் என்பதை மேலிடத்திடம் இப்போதே கேளுங்கள்.

சிறிய எண்களை அலட்சியம் செய்யாதீர்கள். 2008-இல் உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதி கைமாறியது வெறும் 198 ஓட்டில். அது சில லயத்து ஆட்களின் கணக்கு. பேராக்கில் சட்டமன்றத் தொகுதிகள் 59, ஆட்சி அமைக்க 30 வேண்டும். 2022-இல் பெரிக்காத்தான் 26, பக்காத்தான் 24, தேசிய முன்னணி 9 என்று மூன்று கூட்டணிகளுக்கும் பிரிந்து, யாருக்கும் தனியாக 30 கிடைக்கவில்லை. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி விலகியதும் மாநில ஆட்சியே மாறியது உங்களுக்கு நினைவிருக்கும்.

கூட்டணி மேசையில் தொகுதி கேட்பதிலும் இதே விஷயம்தான். ம.இ.கா. 2004-இல் 9 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஜெயித்தது. 2008-இல் 3, 2013-இல் 4, 2018-இல் 2, 2022-இல் 1. எந்தக் கட்சியானாலும் கணக்கு இப்படி இறங்கும்போது, ‘எங்கள் பாரம்பரியத் தொகுதி’ என்று சொன்னால் எதிரே இருப்பவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். ‘இந்த நான்கு மையங்களில் இத்தனை வெளியூர் வாக்காளர்கள் இருக்கிறார்கள், இவர்களில் இத்தனை பேரோடு பேசிவிட்டோம்’ என்று பட்டியலைக் காட்டினால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பணம் குறைவு என்றீர்கள். சட்டமே வேட்பாளரின் செலவைச் சட்டமன்றத்துக்கு 100,000 வெள்ளி (ரிங்கிட்), நாடாளுமன்றத்துக்கு 200,000 வெள்ளி என்று வரையறுக்கிறது. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தைக் கிளையில் எல்லாரும் ஒருமுறையாவது படியுங்கள். ஓட்டுக்காக விருந்து வைப்பதும் பணம் கொடுப்பதும் அதில் குற்றங்கள். 2018-இல் கேமரன்மலையில் ம.இ.கா. ஜெயித்த முடிவு, ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமத் தலைவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக நிரூபணமாகி, அதே வருடம் நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. மறுதேர்தலில் அந்தக் கட்சிக்குப் போட்டியிடத் தொகுதியே கிடைக்கவில்லை. ஆர்வக்கோளாறில் ஒருவர் நீட்டும் கவர், பதினைந்து பேரின் உழைப்பை அழித்துவிடும்.

கொடியும் பேனரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்புக்கும் இடையே 2018-இல் கிடைத்தது 11 நாள், 2022-இல் 14 நாள். அந்த நாட்களில் புதிதாக யாரையும் தேட முடியாது, ஏற்கெனவே எழுதிவைத்த நம்பர்களுக்குப் போன் செய்ய மட்டுமே நேரம் இருக்கும்.

இந்த வாரமே சென்ற தேர்தலின் எண்ணும் முகவர்களைக் கூப்பிட்டு, அவரவர் வீட்டில் இருக்கும் போராங் 14-ஐக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிடைக்காதவற்றுக்குக் கூட்டணிக் கட்சிகளின் காரியாலயத்தில் விசாரியுங்கள். பட்டியல் வந்ததும், மூடிப்போன தோட்டத்தின் பெயர் முகவரியாக உள்ள பக்கங்களைத் தனியே எடுத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்தில் முன்பு தண்டலாக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) இருந்தவர் வீட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஒரு குடும்பக் கதை சொல்வார். பொறுமையாகக் கேட்டு, கதை முடியும்போது பிள்ளைகளின் போன் நம்பரை வாங்கிவிடுங்கள்.