ஆட்டோகைரோ ஏன் கவிழாமல் பறக்கிறது?

கேள்வி: மேலே சுழலும் இறக்கை இருந்தும் ஆட்டோகைரோ ஏன் ஹெலிகாப்டர் இல்லை, ஒரு பக்கமாகக் கவிழாதது எப்படி?

முதல் பாதி எளிது. ஹெலிகாப்டரில் மேலே சுழலும் இறக்கைத் தொகுதியை, அதாவது ரோட்டரை, எஞ்சினே சுற்றுகிறது. ஆட்டோகைரோ பறக்கும்போது எஞ்சின் மூக்கிலோ பின்னாலோ உள்ள புரொப்பெல்லரை மட்டும்தான் சுற்றுகிறது, மேலே இருக்கும் ரோட்டர் எதிர்க்காற்றில் தானாகவே சுழல்கிறது.

கவிழும் பிரச்சினைதான் முக்கியம். ஆட்டோகைரோவைக் கண்டுபிடித்த ஸ்பெயின் பொறியாளர் ஹுவான் தெ லா சியெர்வா 1919-ல் கட்டிய குண்டுவீச்சு விமானம் வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியது. வேகம் போனாலும் விழாத விமானம் வேண்டும் என்று அப்போதுதான் முயற்சியில் இறங்கினார். அவர் கட்டிய முதல் மூன்று ஆட்டோகைரோக்களும் தோல்வி. ஏன் தெரியுமா? இறக்கை நுனி மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் சுழல, விமானம் 100-ல் போகிறது என்று வையுங்கள். முன்னோக்கி வரும் இறக்கை 400 கி.மீ. காற்றைச் சந்திக்கும், பின்னோக்கிப் போவது 200 மட்டுமே. நுனியில் தூக்கும் விசை நான்கு மடங்கு வேறுபடும், அப்புறம் கவிழாமல் என்ன செய்யும்?

வளையும் இறக்கை வைத்த அவருடைய சின்ன மாடல் மட்டும் ஒழுங்காகப் பறந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இறக்கையும் ரோட்டரின் மையத்தோடு சேரும் இடத்தில், கதவுக்கு மாட்டுவது போல, ஒரு கீலை வைத்தார். அதிக விசை வாங்கும் இறக்கை தானே மேலே எழும்பும், எழும்பும்போது காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும், விசையும் குறையும். மறுபக்கம் இதற்கு நேரெதிர், அதனால் இரு பக்கமும் விசை சமமாகி விமானம் கவிழாது. எனக்கு இது அந்தக் காலத்தின் மிக அழகான கண்டுபிடிப்பு. 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே கெட்டாஃபேயில் இந்தக் கீல் வைத்த அவருடைய சி.4 ஆட்டோகைரோ பறந்தது, 1928-ல் அவரே ஆட்டோகைரோவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இன்றும் பல ஹெலிகாப்டர்களின் ரோட்டரில் அந்தக் கீல் இருக்கிறது.